ஐந்து நட்சத்திர ஹோட்டலில் வியூக நுண்ணறிவு, பணித் திருப்தி, செயல்திறன்: துறைத் தலைவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஐந்து நட்சத்திர ஹோட்டலில் விருந்தினரைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் சம்பளப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருப்பவர்கள். படுக்கை விரிப்பை மாற்றுகிறவர், பெட்டியைத் தூக்கி வருகிறவர், காலை உணவு மேசையில் காபி ஊற்றுகிறவர், நள்ளிரவு தாண்டி அன்றைய கணக்கை முடிக்கும் நைட் ஆடிட்டர். விருந்தினர் எதை விரும்பினார், எதைத் தொடாமல் விட்டார், என்ன முகத்தோடு கிளம்பிப் போனார் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். முடிவெடுக்கிறவர்கள் அதையே காலாண்டு அறிக்கையில் ஒரு சதவீதமாகப் பார்க்கிறார்கள்.

வியூக நுண்ணறிவு, பணித் திருப்தி, ஊழியர் செயல்திறன் ஆகிய மூன்றையும் மேலாண்மைப் படிப்பில் தனித்தனிப் பாடங்களாக நடத்துவார்கள். ஹோட்டலில் இவை ஒரே இடத்தில் சந்திக்கின்றன: ஊழியர் கவனித்ததை நிர்வாகம் கேட்டுவிட்டு, அவருக்குப் பதில் சொல்லும் இடத்தில். கேட்டால் ஹோட்டலுக்கு விஷயம் முன்கூட்டியே தெரிகிறது. பதில் சொன்னால், தன் கண்ணுக்கும் மூளைக்கும் இங்கே மதிப்பு இருக்கிறது என்று ஊழியருக்குத் தெரிகிறது. ஹவுஸ்கீப்பிங், எஃப் அண்ட் பி (உணவு, பானம்), ஃப்ரன்ட் ஆஃபீஸ், எச்.ஆர். துறைகளை நடத்துகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னை ஹோட்டல் தொழிலைச் சேர்ந்தவை.

படி 1: எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க உளவியலாளரும் மானுடவியலாளருமான மைக்கேல் மக்கோபி வியூக நுண்ணறிவை ஐந்து திறன்களாகப் பிரித்தார்: வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, பகுதிகளை விட்டு முழு அமைப்பைப் பார்ப்பது, போய்ச்சேர வேண்டிய இடத்தைத் தெளிவாக வரைவது, சரியான ஆட்களோடு கைகோப்பது, உடன் வேலை செய்கிறவர்களை ஊக்கப்படுத்துவது. முதல் மூன்றையும் போர்டு ரூமில் உட்கார்ந்தே செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அவற்றுக்கு வேண்டிய தகவல் மாடியிலும் சமையலறையிலும் வாசலிலும் கிடக்கிறது. ஆகவே கடைசி இரண்டும் இல்லாமல் முதல் மூன்றும் நடக்காது.

பணித் திருப்தியைப் பொறுத்தவரை, 1969-இல் வந்த ஓர் அளவுகோல் அதை ஐந்து அம்சங்களாகப் பார்த்தது: வேலை, சம்பளம், பதவி உயர்வு, மேற்பார்வை, சக ஊழியர்கள். இன்றும் ஹோட்டல் ஆய்வுகளுக்கு இந்தப் பிரிப்பு போதும். ‘திருப்தியாக இருக்கிறீர்களா?’ என்று மொத்தமாக ஒரு கேள்வி கேட்டால் எல்லோரும் ‘இருக்கிறோம் சார்’ என்றுதான் சொல்வார்கள். ஐந்தாகப் பிரித்துக் கேட்டால்தான் எங்கே வலிக்கிறது என்பது வெளியே வரும்.

செயல்திறனில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கொடுத்த வேலையைச் சரியாக முடிப்பது. இன்னொன்று, வேலைப் பட்டியலில் எழுதப்படாதது: பக்கத்து மேசை ஸ்டீவர்டு திணறும்போது போய்க் கைகொடுப்பது, புதிதாக வந்த பையனுக்குச் சொல்லித்தருவது. சொகுசு ஹோட்டலுக்கும் சாதாரண ஹோட்டலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கிறது. மெத்தையும் குளியலறைச் சலவைக்கல்லும் எல்லா ஐந்து நட்சத்திர ஹோட்டல்களிலும் ஏறக்குறைய ஒரே தரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. திருப்தியாக இருக்கும் ஊழியர் தானாகவே நன்றாக வேலை செய்வார் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. 2001-இல் டிமோத்தி ஜட்ஜும் அவரது சகாக்களும் 312 மாதிரிகளை, அதாவது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். திருப்திக்கும் செயல்திறனுக்கும் இடையிலான தொடர்பு ஏறக்குறைய 0.30 என்று வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). தொடர்பு இருக்கிறது, ஆனால் மிதமானதுதான். சொந்தமாக யோசித்து முடிவெடுக்க வேண்டிய, சிக்கலான வேலைகளில் அது 0.52 வரை உயர்ந்தது. எனக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். ஊழியர் யோசிக்க இடம் கொடுத்தால் அவருடைய திருப்தி வேலையில் தெரிகிறது. யோசிக்க இடமே இல்லாத வேலையில் அவர் மகிழ்ச்சியாக இருந்தாலும் வருத்தமாக இருந்தாலும் முடிவு பெரிதாக மாறாது.

படி 2: யாருக்கு என்ன தெரியும் என்று எழுதி வையுங்கள்

ஒரு பெரிய தாளை எடுத்து, துறைவாரியாக, ஒவ்வொரு வேலையிலும் இருப்பவர் கண்ணில் என்ன படுகிறது என்று எழுதுங்கள். இதற்கு ஒரு மதியம் போதும். ஆனால் அந்தந்த வேலையைச் செய்கிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

உதாரணமாக, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வரும் கொரியப் பொறியாளர்கள் வாரக்கணக்கில் தங்கும் ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். ஹூண்டாய் அங்கே 1998-இல் உற்பத்தி தொடங்கியதிலிருந்து சென்னை ஹோட்டல்களுக்கு இது நிலையான வாடிக்கை. எஃப் அண்ட் பி கூட்டத்தில் ஒரு கேள்வி வருகிறது: அறைகள் நிரம்பியிருக்கின்றன, ஆனால் இரவு உணவுக் கவர்கள் (சாப்பிட வருகிறவர்களின் எண்ணிக்கை) ஏறவில்லையே, ஏன்? மெனுவைப் புதுப்பிக்கலாம், தள்ளுபடி கொடுக்கலாம், வெளியிலிருந்து ஒரு செஃப்பை அழைத்து உணவு விழா நடத்தலாம் என்றெல்லாம் யோசனைகள் வருகின்றன. இதற்கான பதில் ஏழாவது மாடி ரூம் அட்டெண்டன்டிடம் இருக்கிறது. தினமும் காலையில் குப்பைக்கூடையில் காலி நூடுல்ஸ் கோப்பைகளை எடுக்கிறார். கெட்டிலைச் சுற்றிச் சிவந்த சாறு சிந்தியிருப்பதைத் துடைக்கிறார். மேசையில் ஊரிலிருந்து கொண்டுவந்த கிம்ச்சி டப்பா திறந்து கிடப்பதைப் பார்க்கிறார். பிளான்ட்டிலிருந்து இரவு பத்து மணிக்குக் களைத்து வருகிறவர், சட்டையை மாற்றிக்கொண்டு கீழே இறங்கிப்போய் மூன்று கோர்ஸ் சாப்பிட விரும்புவதில்லை. சூடாக, காரமாக, அறைக்கே ஒரு கிண்ணம் வந்தால் போதும். இந்த ஒரு தகவல் எஃப் அண்ட் பி மேசைக்குப் போனால், மூன்று கொரிய உணவுகளோடு ஒரு இன்-ரூம் டைனிங் பட்டியல் தயாராகிவிடும். அந்த அக்காவை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இப்படி ஒவ்வொரு இடத்திலும் இருக்கிறது. எந்த நிறுவனத்துக்காரர்கள் பக்கத்து ஹோட்டலுக்கு மாறிவிட்டார்கள் என்று பெட்டி தூக்குகிறவர்களின் பெல் டெஸ்கில் இருப்பவர், டாக்ஸி ஓட்டுநர்களோடு பேசிப் பேசியே தெரிந்து வைத்திருப்பார். எந்தத் துண்டு எத்தனை சலவைக்குப் பிறகு சொரசொரப்பாகிறது என்று லாண்டரிக்குத் தெரியும். பில்லில் எந்த வரியில் விருந்தினர்கள் அடிக்கடி சண்டை போடுகிறார்கள் என்று நைட் ஆடிட்டருக்குத் தெரியும். விருந்து மண்டபத்தில் பரிமாறுவதைக் கவனிக்கும் பேங்க்வெட் கேப்டன், எந்த உணவு தட்டில் மிஞ்சித் திரும்பி வருகிறது என்பதைத் தினமும் பார்க்கிறார். இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. சேகரிக்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

விருந்தினரின் அந்தரங்கத்துக்கு இங்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். வேலையின் போக்கில் கண்ணில் படுவது வேறு, பெட்டியைத் திறந்து பார்ப்பது வேறு. மருந்து, உடல்நலம், உடன் வந்தவர் யார் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறக் கூடாது. பெயரும் அறை எண்ணும் இல்லாமல், போக்கை மட்டும் எழுதச் சொல்லுங்கள். இதை முதல் நாளே ஊழியர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

படி 3: ப்ரீஃபிங்கை இருவழி ஆக்குங்கள்

ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லா ஹோட்டல்களிலும் ப்ரீஃபிங் நடக்கிறது. நகம், ஷூ, நேம் பேட்ஜ் சரிபார்ப்பு. இன்றைய ஆக்குபன்சி (எத்தனை அறைகள் நிரம்பியிருக்கின்றன), இன்றைய வி.ஐ.பி. பட்டியல், நேற்றைய புகார், யாருக்காவது ஒரு திட்டு. முடிந்தது. பெரும்பாலான இடங்களில் தகவல் மேலிருந்து கீழே மட்டும்தான் வருகிறது.

ரிட்ஸ்-கார்ல்டன் இதை வேறு மாதிரி கட்டமைத்தது. அமெரிக்காவின் மால்கம் பால்ட்ரிஜ் தேசியத் தர விருதை 1992-இலும் 1999-இலும் வாங்கிய நிறுவனம் அது. அங்கே ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்பு ‘லைன்-அப்’ என்ற குறுங்கூட்டம் நடக்கும். ஊழியர்கள் விருந்தினர் விருப்பங்களைக் குறித்துக்கொள்ளச் சின்னக் குறிப்புத்தாள் வைத்திருந்தார்கள். அதில் எழுதியது விருந்தினர் பதிவேட்டில் ஏறும், அவர் அடுத்த முறை வேறு ஊரில் அதே குழும ஹோட்டலில் தங்கினாலும் பயன்படும். ‘சீமான்கள் சீமாட்டிகளுக்குச் சேவை செய்யும் சீமான்கள் சீமாட்டிகள் நாம்’ என்பது அவர்களின் தாரக வாக்கியம். நான் கவனிக்கச் சொல்வது அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருந்த தாளை. ஊழியரின் கவனிப்பு நிறுவனத்தின் நினைவாக மாற அங்கே ஒரு வழி இருந்தது.

உங்கள் பதினைந்து நிமிட ப்ரீஃபிங்கில் ஐந்து நிமிடத்தை ஊழியர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். பொதுவாக ‘யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். குறிப்பாகக் கேளுங்கள். ‘செல்வி அக்கா, நேத்து உங்க மாடியில திரும்பத் திரும்ப கண்ணில பட்டது என்ன?’ என்று ஒருவரிடம். ‘நேத்து எந்தக் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இல்ல?’ என்று இன்னொருவரிடம். ஒரு நாளைக்கு இரண்டு பேர் போதும், முறை வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் மௌனமாகத்தான் இருக்கும். அந்த மௌனத்தைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். இதுவரை கேட்காதவர்கள் திடீரென்று கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும்.

சென்னை ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்களில் வடகிழக்கு மாநிலங்கள், ஒடிசா, மேற்கு வங்கம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ப்ரீஃபிங் ஆங்கிலத்தில் நடந்து, சூப்பர்வைசர்கள் தமிழில் பேசிக்கொண்டால், இவர்களுக்கு வாய் திறக்க இடமே இல்லை. ஒவ்வொரு மொழிக் குழுவுக்கும் மூத்தவர் ஒருவரை வைத்து, அவர் வழியாகக் கேளுங்கள்.

படி 4: பதிலுக்குக் கெடு வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

ஆலோசனைப் பெட்டி வைக்காத ஹோட்டல் இல்லை. அதற்குள் ஆலோசனை இருக்கும் ஹோட்டல் குறைவு. போட்ட சீட்டு எங்கே போனது என்று தெரியாவிட்டால், இரண்டாவது சீட்டை யாரும் போட மாட்டார்கள்.

தாஜ் குழுமம் 2001-இல் ‘ஸ்டார்ஸ்’ என்ற பாராட்டு முறையைத் தொடங்கியது. விருந்தினர் பாராட்டினால் புள்ளி, சக ஊழியர் பாராட்டினால் புள்ளி, ஊழியர் தானே நல்ல யோசனை சொன்னாலும் புள்ளி. ஜெனரல் மேனேஜர், எச்.ஆர். மேலாளர், பயிற்சி மேலாளர், துறைத் தலைவர் ஆகியோர் அடங்கிய குழு அவற்றைப் பரிசீலிக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. குழு 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால், புள்ளி தானாக ஊழியருக்குப் போய்விடும். தாமதத்தின் சுமை கேட்டவர் தலையில் விழாமல், பதில் சொல்ல வேண்டியவர் தலையில் விழுகிறது. இந்த ஒரு விதியிலேயே ஒரு நிறுவனம் ஊழியரை எப்படிப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதை மென்பொருள் எதுவும் இல்லாமல் தொடங்கலாம். ஒரு நோட்டு, நான்கு பத்திகள்: யார் சொன்னார், என்ன சொன்னார், யார் முடிவெடுக்க வேண்டும், என்ன பதில் போனது. ஸ்டாஃப் கேன்டீனுக்குப் போகும் வழியில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிடுங்கள். இரண்டு நாள் கெடு. ‘செய்கிறோம்’, ‘செய்ய முடியாது, காரணம் இது’, ‘இன்னும் விசாரிக்க வேண்டும், இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்’ ஆகிய மூன்றில் ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். முடியாது என்பதும் பதில்தான். காரணத்தோடு சொன்ன மறுப்பை ஊழியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். மௌனத்தைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

ஒரு யோசனை நடைமுறைக்கு வந்தால், அதைச் சொன்னவர் பெயரோடு ப்ரீஃபிங்கில் அறிவியுங்கள். சூப்பர்வைசர் தன் பெயரில் மேலே கொண்டுபோகும் பழக்கம் பல துறைகளில் இருக்கிறது. அது ஒரு முறை நடந்தால் போதும், அந்த மாடியிலிருந்து அடுத்த தகவல் வராது.

படி 5: முன்னோக்கை டியூட்டி ரோஸ்டரில் கொண்டுவாருங்கள்

வரப்போவதை உணர்வது என்றதும் பெரிய சந்தை ஆய்வெல்லாம் நினைவுக்கு வரும். ஹோட்டல் ஊழியரின் வாழ்க்கையில் அது ஒரே ஒரு தாளாக வந்து சேர்கிறது: யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று சொல்லும் அடுத்த வார ரோஸ்டர். நிர்வாகம் முன்கூட்டியே பார்த்திருந்தால் அவருக்கு வாராந்திர விடுப்பு கிடைக்கும். பார்க்கவில்லை என்றால், வெள்ளிக்கிழமை மாலை போன் வரும்.

சென்னைக்கு ஆண்டின் ஓட்டம் ஏறக்குறைய தெரிந்ததுதான். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் கல்யாணங்கள் இருக்காது. வடநாட்டுக் குடும்பங்கள் சாதுர்மாஸ்யம் என்ற மழைக்கால நான்கு விரத மாதங்களில் கல்யாணம் வைப்பதைத் தவிர்ப்பார்கள், நம்மவர்களுக்கோ ஆவணி முகூர்த்தம் உண்டு. ஆகவே பஞ்சாங்கத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே வாங்கி, இரு தரப்பு முகூர்த்தங்களையும் பேங்க்வெட் நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். மார்கழியில் ஹால்கள் காலியாக இருக்கும் அதே நேரத்தில், டிசம்பர் சங்கீத சீசனுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களால் அறைகள் நிறையும். இங்கேதான் முழு அமைப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பேங்க்வெட்டில் கை ஓய்ந்திருப்பவர்களுக்கு கார்த்திகையிலேயே இன்-ரூம் டைனிங்கிலும் காலை உணவிலும் பயிற்சி கொடுத்துவிட்டால், மார்கழியில் இரண்டு பக்கமும் சமாளிக்கலாம். அவர்களுக்கும் புது வேலை ஒன்று கைவந்திருக்கும், பதவி உயர்வுப் பேச்சில் சொல்ல ஒன்று இருக்கும்.

சில விஷயங்கள் ஆண்டுதோறும் வருவதில்லை. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலை ஹோட்டல்கள் முழுக்க அதற்காகவே ஓடின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே சில நாட்கள் மூடப்பட்டது. தங்கியிருந்தவர்கள் கிளம்ப முடியவில்லை, அடுத்த ஷிஃப்டுக்கு வரவேண்டிய ஊழியர்கள் வீட்டிலிருந்து வெளியே வர முடியவில்லை. இப்படிப்பட்ட நாளுக்கு ஒரு பட்டியல் தயாராக இருக்கிறதா? எந்த ஊழியர் தாழ்வான பகுதியில் குடியிருக்கிறார், யார் வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருக்கிறார்கள், யாரை முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், தங்குகிறவர்களுக்கு எந்த அறைகளை ஒதுக்குவது? அக்டோபர் மாதத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

ரோஸ்டரைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக ஒட்டுங்கள். முகூர்த்த நாளன்று வேலை செய்த பேங்க்வெட் ஊழியருக்கு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு விடுப்பு இல்லை என்று சொல்லும் நிலை வரக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, ‘இந்த ஒரு தேதி எனக்குக் கட்டாயம் வேண்டும்’ என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே பதிவு செய்ய வழி வைக்கலாம். செலவே இல்லாத ஏற்பாடு.

படி 6: பின்கதவு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள்

ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொன்னார். சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் போன்றவை மோசமாக இருந்தால் அதிருப்தி வரும், ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே உற்சாகம் வந்துவிடாது. சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி ஆகியவைதான் உற்சாகம் தருபவை. அவர் பேட்டி கண்டது பொறியாளர்களையும் கணக்காளர்களையும். ஹோட்டலில் சம்பளத்துக்கு அவர் சொன்னதைவிட எடை அதிகம் என்பது என் எண்ணம். இருந்தாலும் வரிசை சரியானது: முதலில் வலியை நீக்குங்கள், அப்புறம் பாராட்டு விழா நடத்துங்கள்.

எனவே ஊழியர் நுழைவாயிலில் தொடங்கி லாக்கர், கேன்டீன், ஓய்வறை, இரவு வண்டி நிற்கும் இடம் வரை நடந்து பாருங்கள். மேலே விருந்தினருக்கு முப்பது வகைக் காலை உணவு, கீழே ஊழியருக்கு அதே சாம்பார் நீர்த்துப்போய் மூன்று நாளாக ஓடுகிறது என்றால், சேவை மனப்பான்மை வகுப்பு எடுத்துப் பயனில்லை. ஷிஃப்ட் முடிந்து வருபவருக்குச் சூடான சாப்பாடு இருக்கிறதா என்பதை இரவு பதினொரு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மதியம் போனால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

பிரேக் ஷிஃப்ட் தனியாகக் கவனிக்க வேண்டியது. காலை உணவுக்கு வந்து, மதியம் வீட்டுக்கும் போக முடியாமல் இடைவெளியைக் கழித்து, இரவு உணவு முடிந்து நள்ளிரவில் கிளம்பும் நாள் அது. தாம்பரத்துக்கு அப்பாலிருந்து வருபவருக்கு அது பதினாறு மணி நேர நாள். ஒழிக்க முடியாவிட்டால், வாரத்துக்கு இத்தனைக்கு மேல் இல்லை என்று வரம்பு வையுங்கள், படுக்க ஓர் இடம் கொடுங்கள்.

ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு ஷிஃப்டுக்கு 12 முதல் 16 அறைகள் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் விருந்தினர் காலி செய்துபோன செக்-அவுட் அறையும் தங்குகிறவர் அறையும் ஒன்றில்லை. பதினான்கில் பத்து செக்-அவுட் என்றால் அன்று முதுகு தாங்காது. எண்ணிக்கையால் பிரிக்காமல், வேலையின் எடைக்கேற்பப் புள்ளி கொடுத்துப் பிரித்தால் ‘அவளுக்கு மட்டும் ஈஸி ஃப்ளோர்’ என்ற மனக்கசப்பு குறையும்.

சர்வீஸ் சார்ஜ் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்களும் ஹோட்டல்களும் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. நுகர்வோர் பக்கத்திலிருந்து இது நியாயம். சர்வீஸ் சார்ஜில் தனக்கு வந்த பங்கை நம்பிக் குடும்பக் கணக்குப் போட்டிருந்த ஊழியருக்கு அது வருமான இழப்பு. இழப்பு எவ்வளவு, நிர்வாகம் எந்த அளவுக்கு ஈடு செய்யும் என்று சொல்லாமல் விட்டால் வதந்திதான் மிஞ்சும்.

விருந்தினரிடமிருந்து வரும் தொந்தரவை மறைக்கிற பழக்கத்தை விட்டாக வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. விருந்தினரும் அதில் அடக்கம். ‘ரெகுலர் கெஸ்ட், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ என்று ஒரு முறை சொன்ன மேலாளரிடம், அந்தத் துறையில் யாரும் அதன்பிறகு உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

காண்ட்ராக்ட் ஊழியர்களை இந்தப் படியில் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் அதே கேன்டீன், அதே மேசை.

படி 7: கையில் அதிகாரம் கொடுங்கள்

ஒரு நாள் தங்கும் விருந்தினர் 40 முதல் 45 முறை ஊழியர்களைச் சந்திக்கிறார் என்று தாஜ் குழுமம் கணக்கிட்டிருந்தது. இவற்றில் பெரும்பாலானவற்றில் மேலாளர் பக்கத்தில் இருப்பதில்லை. அந்த நேரத்தில் ‘மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்பது மட்டுமே ஊழியரிடம் உள்ள பதில் என்றால், விருந்தினரும் எரிச்சலடைவார், ஊழியரும் சிறுமைப்படுவார்.

ரிட்ஸ்-கார்ல்டன், மேலாளர் அனுமதி இல்லாமலேயே ஒரு விருந்தினருக்காக 2,000 டாலர் வரை செலவு செய்யும் உரிமையை ஊழியர்களுக்குக் கொடுத்தது உலகப் பிரசித்தம். அந்தத் தொகை முழுதும் செலவாவது அரிது. தன்னை நம்பியிருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் அங்கே வேலை செய்கிறது. நீங்கள் சின்னதாகத் தொடங்கலாம். ஸ்டீவர்டு ஒரு உணவை பில்லிலிருந்து நீக்கலாம், ஃப்ரன்ட் ஆஃபீஸ் ஒரு மணி நேரம் லேட் செக்-அவுட் தரலாம், ரூம் அட்டெண்டன்ட் நேரடியாக மெயின்டனன்ஸை அழைக்கலாம். செய்த பிறகு ஒரு வரி எழுதி வைத்தால் போதும். நல்லெண்ணத்தோடு செய்தது தவறாகப் போனாலும் முதல் முறை தண்டனை கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள். விளக்கம் கேட்டு ஒரே ஒரு மெமோ போனால் போதும், இந்தப் படி முழுக்க வீணாகிவிடும்.

2008 நவம்பர் 26 அன்று மும்பை தாஜ் மஹால் பேலஸ் தாக்கப்பட்டபோது, பின்வழிகளை நன்றாக அறிந்திருந்த ஊழியர்கள் முதலில் தாங்கள் தப்பிக்காமல் விருந்தினர்களை வெளியே அனுப்பினார்கள். பல ஊழியர்கள் உயிரிழந்தார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ரோஹித் தேஷ்பாண்டேவும் அஞ்சலி ரைனாவும் பின்னர் இதன் வேர்களை ஆராய்ந்தார்கள். சிறு நகரங்களிலிருந்து ஆள் எடுப்பது, மற்ற ஹோட்டல்கள் 12 மாதம் பயிற்சி தரும்போது 18 மாதம் தருவது, விருந்தினர் பக்கம் நின்று சொந்தமாக முடிவெடுக்கப் பழக்குவது, உடனுக்குடன் பாராட்டுவது ஆகியவற்றை அவர்கள் சுட்டினார்கள். அந்தத் தியாகத்தை எந்த நிர்வாகமும் ஊழியரிடம் எதிர்பார்க்கவோ கேட்கவோ கூடாது. ஆனால் அந்த இரவில் யாரும் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை என்பதற்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருந்தது.

நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு இருப்பதும் உழைப்புதான். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் இதை விளக்கினார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று நடிக்க நேரும்போது மனம் களைத்துப்போகிறது. கத்திவிட்டுப் போன விருந்தினரைச் சமாளித்த ஊழியருக்குப் பத்து நிமிடம் பின்பக்கம் போய் உட்கார அனுமதி வேண்டும். கேட்டுப் பெறும் சலுகையாக இல்லாமல் விதியாகவே வைத்துவிடுங்கள்.

படி 8: அளந்து பாருங்கள், ஆனால் அளவை நம்பும் முன் யோசியுங்கள்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கேள்வித்தாள். படி 1-இல் சொன்ன ஐந்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். அதோடு ‘நான் சொன்ன விஷயத்துக்குக் கடந்த மாதம் பதில் கிடைத்தது’ என்பதையும் சேருங்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வெளியாள் ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும், சூப்பர்வைசர் அல்ல. பத்துப் பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். யார் எழுதியது என்று ஊகித்துவிடுவார்கள்.

செயல்திறனை அதே தாளில் அதே ஆளிடம் கேட்காதீர்கள். தன் திருப்திக்கும் தன் வேலைக்கும் ஒருவரே ஒரே மூச்சில் மதிப்பெண் போட்டால், இரண்டும் ஒட்டிக்கொண்டு இல்லாத தொடர்பு இருப்பது போலத் தெரியும். ஹோட்டல் மேலாண்மை ஆய்வேடு எழுதும் மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. செயல்திறனுக்கு வேறு மூலம் எடுங்கள்: அறை ஆய்வு மதிப்பெண், மறுபடி செய்ய நேர்ந்த வேலைகள், பெயர் சொல்லி வந்த பாராட்டுகள், சக ஊழியர் மதிப்பீடு. பெயர் சொல்லாத கேள்வித்தாளைத் தனிநபர் மதிப்பெண்ணோடு இணைக்க முடியாது. அதனால் துறை அல்லது மாடி அளவில் ஒப்பிடுங்கள்.

எண்கள் உயர்ந்தால் உடனே மகிழ வேண்டாம். சீசன் ஓய்ந்த மாதத்தில் எடுத்தால் எல்லோரும் திருப்தியாகத்தான் இருப்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதங்களில் எடுத்து ஒப்பிடுங்கள். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசி நாளில் பேசுவதைவிட, இரண்டு ஆண்டாக இருப்பவரிடம் ‘ஏன் இன்னும் இங்கே இருக்கீங்க?’ என்று கேட்பது அதிகம் சொல்லித்தரும்.

மேலிடம் ஒத்துக்கொள்ளாவிட்டால்

ஜெனரல் மேனேஜர் இதில் ஆர்வம் காட்டாமல் போகலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ப்ரீஃபிங்கும் நான்கு பத்தி நோட்டும் உங்கள் துறைக்குள்ளேயே முடிகிற காரியம். ஒரே ஒரு மாடியிலோ ஒரு உணவகத்திலோ தொடங்கி மூன்று மாதம் நடத்துங்கள். அதன் பிறகு ஊழியர் சொன்னவற்றில் செலவு மிச்சம் செய்த ஒன்றையும், வருமானம் தந்த ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ரூபாய்க் கணக்கில், சொன்னவர் பெயரோடு ஒரு பக்கத்தில் எழுதி மாதாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் சொன்னவரையும் கூடவே அழைத்துப்போய், அவரையே பேசச் சொல்லுங்கள்.